மருத்துவர் ஏற்றுக்கொண்ட ஊசி

அவசர நோயாளர் ஊர்திகளில் பணிபுரிவோரை மருத்துவர் எவ்வாறு மேற்பார்வை செய்ய வேண்டும் என்பதற்குச் சட்டம் வேண்டும் என இப்போது பலரும் பேசுகின்றனர். வன்னியில் அத்தகைய ஒழுங்கு எதுவும் முன்னர் இருந்ததில்லை என்று அண்மையில் ஒருவர் மேடையில் கூறினார். இருந்தது. அதற்காக ஒரு மருத்துவ அம்மையார் எதனைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார் என்பதை அறிந்தோர் அருகி வருகின்றமையால் இதனை எழுதலானேன்.

போர்நிறுத்தக் காலத்தில் ஊர்மக்கள் சேர்ந்து நடத்திய நோயாளர் ஊர்திச் சேவைக்கு நான் செயலாளர். ஊர்தி ஒன்றே ஒன்றுதான். அதில் செல்லும் உதவியாளர், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர்; இரு பிள்ளைகளின் தந்தை. பேற்றுக்குப் பின் பெருகும் குருதியைத் தணிக்கும் ஊசியை ஏற்றுவதற்கு அம்மையாரே அவரைப் பழக்கியிருந்தார். எனினும் எங்கள் குழு, வெளிநாட்டு மாதிரி ஒன்றைப் பின்பற்றி, மருத்துவரைக் கேளாமல் எந்த ஊசியும் ஏற்றலாகாது என விதித்தது. அந்த நாட்டு ஊர்திகளில் தொலைபேசி இருந்தது. எங்கள் ஊர்தியில் ஒலிப்பானே ஒழுங்காக இயங்கவில்லை.

ஒருநாள், பேறு முடிந்தும் குருதி நில்லாத தாய் ஒருத்தியை ஏற்றிவந்த உதவியாளர், விதிக்குப் பணிந்து, மாங்குளம் சந்தியில் ஊர்தியை நிறுத்திவிட்டுத் தொலைபேசிக் கடை வரிசையில் போய் நின்றார். “என்ன அண்ணை, அம்புலன்ஸை றோட்டில விட்டிட்டு மனிசியோட கதைக்கப் போறியளோ?” என்று வரிசையில் ஒருவர் கேலி செய்தாராம். காரணம் அறிந்ததும் அவரே எல்லோரையும் விலக்கி வழிவிட்டார். அழைப்பு வந்தபோது நான் மருத்துவமனையில் அம்மையாரின் அறையில் இருந்தேன். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

“ஊசி போட்டாச்சோ?”

“இல்லீங்க டொக்டர். உங்கள கேக்காம போடக்கூடாதுன்னு குழுவில சொல்லியிருக்காங்க.”

“ஐயோ, ஓடுங்கோ! இப்பவே போடுங்கோ!”

அந்தத் தாய் மயிரிழையில் தப்பினாள். அடுத்த கூட்டத்தில் குழுத் தலைவரோ, விதி காத்தமைக்காக உதவியாளரைப் பாராட்டினார். அம்மையார் எழுந்தார். “விதியைக் காப்பாத்தினவர், சரி. அந்தத் தாயை ஆர் காப்பாத்துறது?” பழக்கிய முறைப்படி உதவியாளர் செய்வது மருத்துவர் தாமே செய்ததாகும் என்று விதியை மாற்றும்படி கேட்டார்.

“ஊசி போட்டு ஆரும் செத்தால் ஆர் பதில் சொல்லுறது, டொக்டர்?” என்றார் தலைவர்.

“நான்தான். வேற ஆர்?”

விதி மாறியது. அன்று முதல், ஊர்தி வந்து நோயாளரை இறக்கியதும் அம்மையார் அதனுள் ஏறி அமர்வார். வழியில் கண்டது, செய்தது, நோயாளர் சொன்னது அனைத்தையும் உதவியாளர் ஒன்றும் விடாது கூறவேண்டும். “இன்னிக்கும் சோதனையா டொக்டர்?” என்று அவர் சிரிப்பார். “பாஸ் பண்ணினால் வீட்ட போகலாம்” என்பார் அம்மையார்.

பின்னொரு நாள், பேற்றின்பின் நெடுநேரம் குருதி இழந்த பிறகே ஊர்தியை அழைத்த வீடொன்றில் இளந்தாய் ஒருத்தி. உதவியாளர் உடனே ஊசி ஏற்றி, தாயையும் குழந்தையையும் கொண்டு புறப்பட்டார். வழியிலேயே அவள் இறந்தாள். அம்மையார் வழக்கம்போல் முழுவதும் கேட்டறிந்தார், பிழையொன்றும் காணவில்லை. ஆனால் அம்புலன்ஸ்காரன் ஊசி போட்டுக் கொன்றுவிட்டான் என்று ஊர் பேசியது. செத்தவீட்டுக்குத் தாமே சென்று விளக்குவதாகக் கூறிய உதவியாளரைத் தடுத்துவிட்டு, அம்மையார் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன்.

“ஊசி போட்டவனை ஏன் ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? கொண்டு வாங்கோ அவனை!” இறந்தவளின் தமையன் முற்றத்திலேயே மறித்தான். அழைக்கத் தாமதித்ததை நான் சொல்லத் தொடங்கினேன். அம்மையார் கையசைத்து என்னை நிறுத்தினார்.

“அது நான் போட்ட ஊசி. என்னைக் கேளுங்கோ.”

 உள்ளிருந்து இறந்தவளின் கணவன் வந்து கேட்டான்: “கடைசியா என்னவும் சொன்னவளோ, டொக்டர்?”

“பிள்ளைக்குக் குளிரும், போர்த்து விடுங்கோ எண்டு சொன்னவ.”

 அவன் வீட்டினுள்ளே திரும்பி, “டொக்டர் இருக்க ஒரு கதிரை கொண்டு வாங்கோ” என்றான்.

போர் எங்களைச் சிதறடித்தபின் அம்மையாரை நான் காணவில்லை. நினைவை மட்டுமே நம்பி எழுதியிருக்கிறேன். இடமும் முறையும் பிறழ்ந்திருக்கக் கூடும். அறிந்தோர் திருத்தி உதவுக. அன்று போர்த்தப்பட்ட அந்தக் குழந்தை இன்று வளர்ந்து இதனைப் படிக்க நேரின், திருத்தும் முதல் உரிமை அப்பிள்ளைக்கே உரியது.