அணைத்து வைத்த மிக்ஸர்

அவள் சவுண்ட் இன்ஜினியரிங் படித்தவள். மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கும் கம்பெனியில் அவளுக்குக் கிடைத்ததென்னவோ, பாடகிகளின் உடைக்குள் மைக்கை டேப் போட்டு ஒட்டும் வேலைதான். அவளுக்குப் பின்னால் வந்த பையன்களெல்லாம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் உட்கார்ந்தாயிற்று. அவள் கேட்டால் மட்டும், "உனக்கெதுக்கும்மா அந்தத் தலைவலி?" என்பார் முதலாளி.

பெண்களை வேலைக்கு அழைக்க விளம்பரம் வேண்டும் என்றதும் அதே முதலாளி அவளை மிக்ஸர் முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தார். சுவிட்சைப் போடக்கூட விடவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்து வேலைக்குச் சேர்ந்த பெண் முதல் நாளே ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நானும் உங்கள மாதிரி ஆகணும்க்கா!"

அவள் தன் இடுப்பில் தொங்கிய டேப் சுருளைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா. ஆயிட்டே."