இரண்டாவது நொதி

ஜெஸியின் ஆராய்ச்சியைக் கெடுத்தவள் நான்தான். கைதவறி அல்ல... வேண்டுமென்றே!

பதினாறு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக முத்துச்சிப்பியின் தசையை ஆராய்ந்தோம். நான் உடன்குடிக்காரி, அப்பா கருப்பட்டி காய்ச்சுபவர். ஜெஸி நாசரேத்தில் ஆசிரியர் வீட்டுப் பெண். இரண்டு ஆண்டுகள் பாடுபட்டு நான் கண்ட முடிவுகளைக் கருத்தரங்கில் தன் பெயரில் வாசித்தாள். கேட்டதற்கு எல்லார் முன்னாலும் சிரித்தாள்.

"ஏளா, கருப்பட்டி காய்ச்சுத கைக்கு இதெல்லாம் எதுக்கு?"

அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல்... இன்றும் அடங்கவில்லை!

அவள் சோதனையில் இரண்டு வேதிவினைகள் பிணைந்திருந்தன. முதல் வினை சிப்பித் தசையின் நொதியால் நடப்பது, தனியாக ஓடாது. சிறிதளவு விளைபொருள் உண்டானதும் முன்னே போவதும் பின்னே திரும்புவதும் சமமாகி நின்றுவிடும். இரண்டாவது வினையோ ஆற்றலைத் தாராளமாக வெளிவிடுவது. அது அந்த விளைபொருளை உண்டாக உண்டாக எடுத்துக்கொண்டால்தான் முதல் வினை மேலே நகரும். எடுப்பதற்கு இரண்டாவதாக ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக் குப்பிகள் இருந்த பனிப்பெட்டி என் பொறுப்பில் இருந்தது.

கருப்பட்டிக்காரர் மகளுக்குச் சூட்டின் அளவு தெரியாதா? டீ டம்ளரில் வெந்நீர் ஊற்றிக் குப்பியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். நொதி செத்தது, பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை. புதுக் குப்பி வந்தபோதெல்லாம் அதையே செய்தேன்.

விளைபொருளை அளக்கும் கருவியில் எண் சற்று ஏறி நின்றுபோனது. ஜெஸி என்னிடமே வந்தாள்.

"ஏளா, ரெண்டாவது நொதி நல்லாத்தான இருக்கு?"

"நான் பாத்துட்டேன். ஒன் சிப்பியிலதான் கோளாறு."

நம்பினாள்! வேறு சிப்பிகளுக்காகப் படகேறிப் படகேறி அலைந்தாள். காலக்கெடு முடிந்தது. பட்டமில்லாமல் ஊருக்குப் போனாள். மகிழ்ந்தேனா? ஆம், மகிழ்ந்தேன். அதையும் ஏன் மறைக்க வேண்டும்?

இன்று ஜெஸி நாசரேத்தில் பள்ளி ஆசிரியை. நான் கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறேன். போன வாரம் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"மேடம், ரெண்டாவது நொதிய யாராவது கொன்னுட்டா, பழி எது மேல விழும்?"

"முதல் வினை மேல..." என்றேன். "இத யாரும்மா கேக்கச் சொன்னது?"

"எங்க ஜெஸி டீச்சர், மேடம்."

தெரிந்திருக்கிறது... என்றைக்கிலிருந்து? மன்னிப்புக் கேட்கலாமென்று போனை எடுக்கிறேன். அவள் சிரிப்பு ஞாபகம் வருகிறது, வைத்துவிடுகிறேன்.

அந்த மாணவி தினமும் முதல் வரிசையில்தான் உட்காருகிறாள்.