நான்கு நிமிடத் தாடி

எனக்குத் தாடி வாய்த்ததில்லை. இளமையில் மும்முறை முயன்றேன். மும்முறையும் கன்னத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில முடிகள் முளைத்து, ஒன்றோடொன்று உறவு கொண்டாட மறுத்துவிட்டன. மேடையில் தமிழ் பேசுபவனுக்குத் தாடி இருந்தால் பாதிச் சொற்பொழிவை அதுவே ஆற்றிவிடும் என்பது என் துணிபு. அந்தக் குறையோடுதான் வங்கத்துச் சாந்த்ராகாச்சி இரயில்வே அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று, டாக்குரியாவில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் குடியேறினேன். ஞாயிறு மாலைகளில் பவானிபூரில் பதினைந்து பேருக்குப் பழந்தமிழ்ச் செய்யுள் விளக்குவதும், அவர்களுள் வாய் திறப்போரின் உச்சரிப்பைத் திருத்துவதும் என் தொண்டு.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் அடுக்ககத்தின் நீரேற்று அறைச் சுவருக்குள் தேனீக்கள் கூடு கட்டின. இங்கே குளிர்காலத்திலேயே வரும் சரசுவதி பூசையின் பந்தல் ஆண்டுதோறும் அந்தச் சுவரை ஒட்டியே எழும். ஆகவே பூச்சிமருந்து அடிப்பவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருப்பதாகக் குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர் அறிவித்தார். நான் எழுந்தேன். எழாமலே இருந்திருக்கலாம். தேனீயின் உழைப்பையும் ஒழுங்கையும் வங்க மொழியில் கால் மணி நேரம் புகழ்ந்து, காரணமின்றி அது எவரையும் கொட்டாது என்று முடித்தேன். அதுவரை தேனீயை நான் செய்யுளில் மட்டுமே நெருங்கிப் பார்த்திருந்தேன். தேன் கண்காட்சியில் உயிருள்ள தேனீக்களையே தாடியாக அணிந்து நின்ற ஒருவரைத் தெரியும் என்றும், சுவரைச் சிறிது உடைக்க இசைந்தால் அவர் கூட்டை உயிரோடு எடுத்துச் செல்வார் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

செயலாளர் என் மகன் வயதினர். என்னை ‘மேசோமொஷாய்’ என்று சித்தப்பா முறையில் அழைப்பவர்.

“சுவரை உடைக்கணுமா? சரி மேசோமொஷாய், அந்தத் தாடியை நீங்க போட்டுக் காட்டுங்க. பத்து நிமிஷம் அசையாம நின்னுட்டீங்கன்னா மருந்துக்காரனை வேண்டாம்னுடறேன்.”

கூட்டம் கைதட்டியது. ஒரு கூட்டின் உயிர் என் மோவாயில் வந்து தொங்கியது.

தேனீ வளர்ப்பவர் கைப்பேசியில் தெளிவாகவே எச்சரித்தார். “சென்ட், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம் பாபு. மூச்சை மூக்கால விடணும், வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமா வாழைப்பழம் தின்னுட்டு வராதீங்க. தேனீ கொட்டுறப்ப ஒரு வாசனை கிளம்பும், பழத்தோடதும் அதே வாசனைதான். மோந்தா மத்ததெல்லாம் கொட்ட ஆரம்பிச்சிடும்.”

ஞாயிறு காலை வெறுந்தண்ணீரில் குளித்தேன். நெற்றியில் திருநீறு கூட இல்லை. வாயிற்படியில் மனைவி தட்டோடு மறித்தாள்.

“பிள்ளையாருக்கு வச்ச பழம். வாயில போட்டுட்டுப் போங்க.”

“வாழைப்பழம் உண்ணலாகாது என்றிருக்கிறார்.”

“அது கடைப் பழத்துக்குச் சொன்னது. இது பிரசாதங்க.”

மறுக்க என்னிடம் தருக்கம் இருந்தது. ஆனால் அவ்வேளையில் எனக்குப் பிள்ளையாரும் வேண்டியிருந்தார். இரண்டு உண்டேன்.

முற்றத்தைச் சுற்றி அனைவரும் சன்னல் கம்பிகளுக்குப் பின்னே கைப்பேசிகளை ஏந்தி நின்றனர். தேனீ வளர்ப்பவர் இராணித் தேனீயைத் தீப்பெட்டியளவான கூண்டிலிட்டு என் மோவாய்க்கடியில் நூலால் கட்டினார். தாம் கொணர்ந்த பெட்டியிலிருந்து மற்றவற்றை ஓர் அட்டையில் உதறி என் மார்பருகே பிடித்தார். அவை தங்கள் அரசியை நாடி ஏறத் தொடங்கின. கழுத்தில் நுண்ணிய கால்கள், பிறகு வெப்பம், பிறகு, எதிர்பாராத கனம். நான் இமைக்கவும் அஞ்சினேன்.

எதிரே நின்ற மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நெஞ்சுவரை தழைத்த கரும்பழுப்புத் தாடி! பவானிபூரின் பதினைந்து பேரும் இதைக் கண்டிருந்தால் அன்றே இருபத்தைவர் ஆகியிருப்பர். இத்தகைய தோற்றத்தோடு ஒரு செய்யுளடியேனும் சொல்லாமல் இருப்பது தமிழுக்கு இழைக்கும் தீங்கு என்று எனக்குப் பட்டது. வாய் திறந்தேன்.

இரு பழங்களின் மணமும் வெளியேறியது. முதற்கொட்டு கீழுதட்டில்.

“ஓரே பாபா ரே! மோரே கேலாம்!”

ஐயோ அப்பா, செத்தேன் என்பது பொருள். பிறமொழிக் கலப்பை வாழ்நாளெல்லாம் கடிந்த நான் வங்க மொழியில் அலறிக்கொண்டு குதித்தேன். தாடி உதிர்ந்தது. இன்னும் இரண்டு கொட்டுகள் மூக்கில்.

“நாலு நிமிஷம்,” என்றார் செயலாளர். “பாத்தீங்கல்ல எல்லாரும்? நாளைக்கு மருந்துக்காரன் வரான்.”

“பாவம், பெரியவரை இப்படியா கொட்டும்!” என்றது ஒரு சன்னல். அந்த இரக்கம் இனிமையாகவே இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு வீடு திரும்பியிருக்கலாம். தேனீ வளர்ப்பவர் வெறுங்கையால் இராணியின் கூண்டை அவிழ்க்க வந்தார். என் வாயருகே ஒருகணம் முகர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தேனீக்களிடம் திரும்பிவிட்டார். அவர் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

“நான் வாழைப்பழம் தின்றேன்,” என்றேன். வீங்கிய உதட்டில் வங்க மொழி வழுக்கியது. “இரண்டு.”

“தின்னக் கூடாதுன்னு அவரு சொல்லலையா?” என்றார் செயலாளர்.

“சொன்னார்.”

“அப்புறம் ஏன் மேசோமொஷாய்?”

“பயம்.”

என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவு அதுவே. அதற்குத்தான் மிகுந்த சிரிப்பும் கிடைத்தது. சிரிப்பு அடங்கியதும் கீழ்த்தளத்து அம்மையார் செயலாளரை நோக்கிக் குரல் கொடுத்தார்: “தின்னது அவரு, வாயைத் திறந்ததும் அவரு. இதுல தேனீ மேல என்னப்பா தப்பு? சுவரை உடைச்சு எடுத்துட்டுப் போகச் சொல்லு.” செயலாளர் என் மூக்கைப் பார்த்தார், மீண்டும் சிரித்தார், மருந்துக்காரரைக் கைப்பேசியில் அழைத்து வேண்டாம் என்றார்.

செவ்வாயன்று சுவர் திறக்கப்பட்டது. அடைகள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் இறங்கின. தேனீ வளர்ப்பவர் நிமிர்ந்து, இறங்கி வந்து பாருங்கள் என்று எனக்குக் கையசைத்தார். நான் இரண்டாம் தளத்தின் மூடிய சன்னலுக்குள்ளிருந்து கைகூப்பினேன்.

“உங்களாலதானே அதுங்க பொழைச்சுது,” என்றாள் மனைவி. “கதவையாவது திறந்து பாருங்களேன்.”

திறக்கவில்லை. கூடு நலமாகப் போய்ச் சேரவேண்டுமென்று அன்று காலையும் அவள் பிள்ளையாருக்குப் பழம் வைத்து, அதையும் எனக்கே தந்திருந்தாள்.