நான் கெடுத்த சம்பந்தம்

போன வாரம் ஒரு கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

எங்கள் ஊரில் பெண்ணை உறுதி செய்யும் முன், மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். அடுத்த வீட்டு ஷைனியைப் பற்றிக் கேட்க, குலசேகரத்திலிருந்து பையனின் தாய்மாமா வந்தார். டீ கொடுத்தேன். நல்ல பெண், நல்ல குடும்பம் என்றேன். அதோடு நிறுத்தினேனா?

“அக்காக்காரி ஜெஸிக்குத்தான் பாவம், நரம்புல சுகக்கேடு. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸாம்.”

டீ பாதியில் நின்றது. மறுநாள் ஷைனி வீட்டுக்கு போன் — ‘இப்போதைக்கு வேண்டாம்.’

சாயங்காலம் ஜெஸி கைத்தடியோடு மதில் பக்கம் வந்தாள். கல்ஃபில் நர்ஸாக இருந்தவள்; இப்போது தாய்வீட்டில் இருக்கிறாள்.

“அண்ணே, உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரட்டா?”

“பரம்பரை நோய்னு எல்லாரும் சொல்லுதாவளே மக்ளே...”

“எல்லாருமா? என் மாமியாரு, பேறுகால மருந்து திங்காததால வந்ததுன்னு சொல்லுதா. கொழுந்தன் பெண்டாட்டி, ஆரோ கண்ணூறு போட்டதுங்கா. டாக்டருக்கே தெரியாத காரணம் உங்களுக்கெல்லாம் எப்படித்தான் தெரியுதோ!”

பிறகு பொறுமையாகச் சொன்னாள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையைத் தாக்குகிறது. ஏன்? ஒற்றைக் காரணம் இல்லை. அநேகமாக எல்லோருக்கும் எப்போதோ தொற்றும் ஒரு வைரஸ், வைட்டமின் டி குறைவு, இளவயதில் உடல் பருமன், சிகரெட்... இவை ஆபத்தைக் கூட்டும். பெண்களுக்கு அதிகம் வரும். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை.

“வைட்டமின் டியா? நம்ம ஊருல வெயிலுக்கா பஞ்சம்?”

“எட்டு வருசம் ஏசிக்குள்ள கிடந்தேன் அண்ணே. அதுதான் காரணம்னும் சொல்ல முடியாது.”

ஞாயிறு சர்ச் முடிந்ததும் வடசேரியில் குலசேகரம் பஸ் பிடித்தேன். பையன் வீட்டு வாசலில் தாய்மாமா சிகரெட்டோடு நின்றார். ஜெஸி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தேன்.

“நாளைக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கு வந்தா ஆரு பதில் சொல்லுவா?”

“வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உங்க கையில புகையுதே, அதும் அந்த லிஸ்ட்ல உண்டு. அதை ஆராவது விசாரிச்சாவளா?”

மாமா சிகரெட்டைப் பார்த்தார். இன்னொரு இழுப்பு இழுத்தார்.

உள்ளேயிருந்து பையன் வந்தான்.

“ஷைனி விசாரிச்சா மாமா. நேத்தே போன் பண்ணி, சிகரெட் வலிப்பியான்னு கேட்டா. இல்லேன்னேன். எனக்கு சம்மதம், அவளுக்கும் சம்மதம்.”

கல்யாணம் நடக்கும். இனி எவர் விசாரிக்க வந்தாலும், என் வீட்டில் டீ மட்டும்தான் கிடைக்கும்.