சத்தத்தைக் கூட்டச் சொன்ன அக்கா

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று தெரிந்ததும், அவள் புருஷனான மாமா அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். மயிலத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. விழுப்புரத்துக்கு டயாலிசிஸுக்கு அவளை அழைத்துப்போவது என் பொறுப்பு. போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு உட்காருவாள். திரும்பும்போது என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

அப்படி ஒருநாள் திரும்பிவருகையில் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "வூட்டுக்கு ஒரு டிவி வாங்குடா. தியேட்டர் மாதிரி சத்தம் வரணும்."

"அவ்ளோ சத்தம் எதுக்குக்கா?"

"நான் தூங்குறேன்னு நெனச்சிக்கினு அம்மா அடுப்பாண்ட ஒக்காந்து அழுவுது. அது என் காதுல வுழக்கூடாது."

திண்டிவனத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கும் ஒரு மல்லாட்டை மண்டியில் எனக்கு வேலை. அந்தச் சம்பளத்தில் மருந்து மாத்திரை போக, புதிதாக எதையும் வாங்க முடியாது. விழுப்புரத்தில் மூடப்போகும் லாட்ஜ் ஒன்றில் டிவிகளை விற்கிறார்கள் என்று டயாலிசிஸுக்குக் கணவரோடு வரும் ஓர் அம்மா சொன்னார். நான் எடுத்ததில் திரையின் ஓரமாக ஒரு பச்சைக் கோடு நின்றது. அதனால்தான் என் கைக்கு எட்டியது. ஸ்பீக்கர் திண்டிவனத்தில் கிடைத்தது. பைபாஸில் நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து கழற்றியதாகக் கடைக்காரர் சொன்னார். அந்தக் காரில் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிளைவுட் துண்டுகளை அடித்துப் பெட்டி செய்தேன். உள்ளே பஞ்சு அடைத்தால் பெட்டி அதிராது என்று நான் சொன்னதும், அக்கா தன் தலையணையைக் கிழித்துக் கொடுத்தாள். டிவியை மாட்டச் சுவரில் துளை போட்டால் பொலபொலவென்று மண்தான் உதிர்ந்தது. அதனால் பெஞ்சின் மேல் வைத்தேன். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இணைத்துப் படம் போட்டதும் அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

படத்தின் நடுவில் ஓர் அருவி வந்தது. கதாநாயகி அதில் நனைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் கொட்டும் சத்தம் வீடு முழுக்க நிறைந்தது. சிறுநீர் பிரியாததால் அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்னச் சொம்பு தண்ணீர்தான் அனுமதி. அதை மூடி போட்டுத் தலைமாட்டில் வைத்திருப்பாள். அவள் எச்சில் விழுங்குவதைப் பார்த்து ரிமோட்டை எடுத்தேன்.

"மாத்தாதடா. சத்தத்தக் கூட்டு. காதாலயாச்சும் குடிச்சிக்கிறேன்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

அதன்பிறகு எந்தப் படத்தையும் அவள் முழுதாகப் பார்க்கவில்லை. பாதியிலேயே தூங்கிவிடுவாள், அணைத்தால் விழித்துக்கொள்வாள். அதனால் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஐப்பசி மழையில் அவளுக்கு மூச்சு முட்டியது. சொம்புத் தண்ணீரைக்கூட மிச்சம் வைத்தவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தாள்.

ஒருமுறைகூட ஆஸ்பத்திரிக்கு வராத மாமா, கருமகாரியத்துக்கு வந்தார். பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"மச்சான், அந்த டிவி அவளுக்குன்னு வாங்குனதுதான? இங்க சும்மாதான கெடக்குது. எங்க அம்மா ஒண்ணு கேட்டுக்கினே இருக்குது."

அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். அதற்குள் அவர் கேட்டது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"குடுத்துடு. எடுத்துக்கினு போவட்டும். இன்னொரு தபா இந்த வாசப்படி ஏற வேணாம்."

அவர் தலை குனிந்தார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அவருடைய பைக்கின் பின்சீட்டில் டிவியைப் போர்வையில் சுற்றி வைத்து, நானே கயிறு போட்டுக் கட்டினேன். அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்குது. டிவி நனையறதுக்குள்ள ஜல்தியா போவணும்," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.