கொரட்டூரில் சும்மா, சிங்கப்பூரில் மூன்று வெள்ளி

உப்புச் சத்தியாகிரகத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. அப்போது நான் கொரட்டூரில் என் பிறந்த வீட்டில் இருந்தேன். கல்யாணம் ஆகிவிட்டது, ஆனால் ஆனது மாதிரியும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஆவடி. தாலி கட்டின கையோடு சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே துறைமுகத்தில் ஒரு கிடங்கில் கணக்குப்பிள்ளை வேலை. மூன்று வருஷம் கழித்து லீவில் வந்தவர், இந்தத் தடவை என்னையும் அழைத்துப் போவதாகச் சொன்னார்.

எனக்குப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் என்னைச் சாது என்று நினைக்க வேண்டாம். "புருஷன் கீறாரா, ஓடிப்பூட்டாரா?" என்று ஏரிக்கரையில் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருந்தது. ஆனால் நைனா சம்மதிக்க வேண்டுமே! எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்தவர். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்.

"கூட்டிகினு போறது இருக்கட்டும் மாப்ளே. அங்க குடுத்தனம் பண்ண இன்னா செலவாவும், அத்த மொதல்ல சொல்லு" என்றார் நைனா.

ஒருநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நைனாவும் இவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நைனா ஒரு கை புளியங்கொட்டை எடுத்து வைத்துக்கொண்டார். வலப்பக்கம் சிங்கப்பூர், இடப்பக்கம் கொரட்டூர். எந்தச் சாமானுக்கு எந்த ஊரில் செலவு கூடவோ அந்தப் பக்கம் ஒரு கொட்டை விழும். அம்மாவும் நானும் சமையலறை வாசற்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

முதலில் சம்பளம். நாற்பத்தைந்து வெள்ளி என்றார் இவர். அந்த ஊரில் பணத்துக்கு வெள்ளி என்று பெயர். ஒரு வெள்ளி நம் காசில் ஒன்றரை ரூபாய்க்கும் மேலே வரும் என்றதும், நைனா வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பெருக்கிப் பார்த்தார்.

"எழுவது ரூபாயா? அடேங்கப்பா!" என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டை கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அடுத்தது அரிசி. படி என்ன விலை என்று நைனா கேட்டார்.

"அங்க படியில அளக்க மாட்டாங்க மாமா. காத்தின்னு ஒரு எடை. சீனன் கடையில தராசுல போட்டு நிறுத்துத்தான் குடுப்பான்."

"அரிசிய நிறுக்கிறானா? அரிசி இன்னா இரும்பா?"

ஒரு காத்தி நம் எடையில் எத்தனை பலம், எத்தனை பலம் சேர்ந்தால் நம் ஊர்ப் படி ஒன்று ஆகும் என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். ஒருமுறை போட்டால் சிங்கப்பூர் அரிசி மலிவாக வந்தது. மறுமுறை போட்டால் விலை ஏறி உட்கார்ந்துகொண்டது. அம்மா பொறுக்க முடியாமல், "அளந்தா இன்னா, நிறுத்தா இன்னா? வவுறு ரொம்புதான்னு கேளுங்க" என்றாள். நைனா முறைத்தார். கடைசியில் அரிசிக்கு எந்தப் பக்கமும் கொட்டை போடாமல் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கணக்கு எனக்கு எதிராகத் திரும்ப ஆரம்பித்தது. வீட்டு வாடகை என்றார் இவர். சிங்கப்பூர் பக்கம் ஒரு கொட்டை. எங்களுக்குத்தான் சொந்த வீடாயிற்றே! விறகு. அதுவும் சிங்கப்பூர் பக்கம், இங்கே வேலி முள் சும்மா கிடக்கிறது. கீரை கூட அங்கே காசுக்குத்தான் என்றதும் நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால், சிங்கப்பூர் பக்கம். முகச்சவரம், சிங்கப்பூர் பக்கம். கொரட்டூர் பக்கம் துடைத்து வைத்தது போல் தரைதான் தெரிந்தது.

"துணி வெளுக்க?"

"மாசம் மூணு வெள்ளி மாமா."

"இன்னாது! நாலரை ரூபாயா? அழுக்கெடுக்கவா?" நைனா எழுந்தே நின்றுவிட்டார். "இங்க நான் ஒரு காசு குடுக்கறதில்ல, தெரியுமா?"

இவருக்கும் அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. "சும்மாவா வெளுக்கிறாங்க மாமா? அறுப்புக்கு அறுப்பு களத்துல நெல்லு குடுக்கிறீங்க. பொழுது சாஞ்சா சோறு போடுறீங்க. அதுக்கு ஒரு கொட்டை போடுங்களேன்" என்றார்.

"களத்துல குடுக்கறது செலவா? அது வழக்கம்யா. எங்கப்பன் குட்தான், நான் குடுக்கறேன். அதுக்கு வெல போட நான் இன்னா கடையா வெச்சிகினு கீறேன்?"

இவர் சொன்னது சரிதானே என்று எனக்குத் தோன்றியது. நைனா சொன்னதும் சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் ஒரு மாதம் குடித்தனம் நடக்க என்ன ஆகிறது என்று என்னை யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்துப் புழக்கடையில் ஒரு குரல். எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்கிற அம்மாள், அழுக்கு மூட்டை எடுக்க வந்து எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷனும் அவளும்தான், பிள்ளைகுட்டி கிடையாது. நைனாவை நேராகப் பார்த்துப் பேசவே மாட்டாள். அன்றைக்கு இவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, அந்த மூணு வெள்ளி எல்லா ஊட்டுக்கும் சேத்தா, ஒரு ஊட்டுக்கா?"

"ஒரு ஊட்டுக்குத்தான்."

"வருசத்துக்கா?"

"மாசா மாசம்."

அவள் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு என் கவலை. ஏனென்றால் நைனா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கீரைக்கும் துட்டு, கோமணம் தொவைக்கவும் துட்டுன்னா எம்பொண்ணு அங்க பிச்சதான் எடுக்கணும். அவ இங்கியே கீட்டும்."

இவர் தனியாகவே கப்பலேறினார். அழுதேன் என்று சொன்னால் போதாது. நைனாவோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மூன்று வெள்ளியை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. என் கையாலேயே துவைத்துக்கொள்கிறேன் என்று கூடத்தில் நின்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் எந்தப் பெண் கூடத்தில் நின்று பேசினாள்!

மாதம் இரண்டு போயிருக்கும். ஒருநாள் காலையில் அந்தத் துணி வெளுக்கிற அம்மாளும் புருஷனும் வாசலுக்கு வந்து நின்றார்கள். கையில் ஒரு தகரப் பெட்டி. பூந்தமல்லியில் கழுதைகளை விற்றுவிட்டார்களாம். அம்பத்தூரில் ரயிலேறிப் பட்டணம் போய், அங்கிருந்து சிங்கப்பூர்க் கப்பலாம்.

"யாரைக் கேட்டுகினு போறீங்க?" என்று நைனா கத்தினார்.

"மாப்ள ஐயா சொன்ன கணக்குத்தான் ஆண்டே. அன்னிக்கு நீங்கதான கேட்டீங்க, நானும் நின்னு கேட்டேன்" என்றாள் அவள். என்னைப் பார்த்து, "வர்றேன் சின்னம்மா" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? எந்த விலையைக் கேட்டு என்னை நிறுத்தினார்களோ அதே விலையைக் கேட்டு அவள் கிளம்பிவிட்டாள். என் புருஷன் இருக்கிற ஊருக்கு என் சேலையை வெளுத்தவள் போகிறாள். நான் கொரட்டூர் ஏரியில் உட்கார்ந்து என் சேலையை நானே அடித்துத் துவைக்கிறேன். யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியாமல் கல்லில் துணியைப் போட்டு அடிப்பேன். இரண்டு சேலை கிழிந்தே போனது.

துணியாவது பரவாயில்லை, நாங்களே துவைத்துக்கொண்டோம். அந்தத் தையில் என் தங்கை பெரியவளானாள். வெளுக்கிறவர்கள் வீட்டிலிருந்து வரும் மாற்றுச் சேலையைக் கட்டித்தான் பெண்ணை மணையில் உட்காரவைப்பது எங்கள் வழக்கம். அது இல்லாமல் சடங்கு நடக்காது. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு நடந்தார். அங்கே துணி வெளுக்கிறவரைக் கேட்டுப் பார்க்கப் போனவர், சாயங்காலம் பேயறைந்தவர் மாதிரி திரும்பி வந்தார்.

"நெல்லு வாணாமாம். துட்டா குடுன்றான். மாத்துக்குத் தனித் துட்டு, மாசா மாசம் வெளுக்கத் தனித் துட்டு."

"எவ்ளோ கேக்கறான்?" என்றாள் அம்மா.

நைனா சொன்னார். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "சிங்கப்பூர் வெலதான்."

வேறு வழியில்லை, கொடுத்தார். அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு கொண்டிருந்தார் என்று அம்மா சொன்னாள். காலையில் என்னைக் கூப்பிட்டார். "இங்கியும் துட்டு, அங்கியும் துட்டு. ரெண்டும் ஒண்ணுதான்னா நீ எதுக்கு இங்க குந்திகினு கீறே? மாப்ளைக்கு எழுது, வந்து இட்டுகினு போவட்டும்" என்றார். என்ன கணக்கு அது என்று எனக்கு இந்த நிமிஷம் வரை விளங்கவில்லை. கொரட்டூர் விலை ஏறினதால் எனக்குச் சிங்கப்பூர் கிடைத்தது. நைனா காலில் விழுந்து கும்பிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அழுதார் என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் எங்களுக்கு ஒரு கடைவீட்டு மாடியில் ஒற்றை அறை. போன முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் வாசற்கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் எங்கள் தெருவுக்குத் துணி வெளுத்த அவள்! பளிச்சென்ற வெள்ளைச் சேலை, காலில் செருப்பு. கிடங்கில் இவரிடம் விலாசம் கேட்டு வந்தாளாம். அந்த ஊரில் முதல்முறையாக நம் ஊர் முகம். கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளக் கூச்சமாகவும் இருந்தது. அவள் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதற்கு நான் சந்தோஷப்பட்டேனா, சுருக்கென்று இருந்ததா? இரண்டும்தான். என்னத்துக்கு மறைக்க வேண்டும்?

என்ன செய்வது என்று தெரியாமல் பழக்கதோஷத்தில் உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி எடுத்து வந்தேன். பொழுது சாய்ந்ததும் அவர்களுக்குச் சோறு எடுத்து வைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அவள் தட்டைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கோபமில்லை, சிரித்தாள்.

"சோறு வாணாம் தங்கச்சி. மாசம் மூணு வெள்ளி. ஊருப் பொண்ணாச்சேன்னு ஓணும்னா ரெண்டரை குடு. சோத்துக்கு இன்னொரு நாளு வர்றேன், விருந்தாளியா கூப்புடு, பக்கத்துல குந்திகினு துன்னலாம்."

சின்னம்மா என்ற அழைப்பு அங்கே தங்கச்சி ஆகிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமா, சந்தோஷமா, ஊர் ஞாபகமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குறைக்காமல் மூன்று வெள்ளியையும் எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் சாப்பிட அழைத்தேன். வந்தார்கள்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. என் பேரப் பிள்ளைகள் கூட அந்த நாட்டில் இது என்ன விலை, இந்த நாட்டில் அது என்ன விலை என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். "நீ ரெண்டு ஊரிலும் இருந்தவளாயிற்றே, எங்கே செலவு ஜாஸ்தி?" என்று என்னையும் கேட்கிறார்கள். கொரட்டூரில் எங்களுக்குச் சும்மா கிடைத்ததையெல்லாம் யாரோ தங்கள் முதுகை ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்த பிறகு, எந்த ஊர் மலிவு என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.