நேடீன் ஏறாத பஸ்

நேடீன் ஸ்டக்கி இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். ஃப்ளோரிடாவில் ஹெயின்ஸ் சிட்டிப் பக்கம் அவளுடைய பதினான்காம் நம்பர் பஸ் காலை ஆறு பத்துக்கு முதல் நிறுத்தத்தில் நிற்கும். ஆறு பதினொன்றுக்கு நிற்காது. வாயில் ரொட்டியோடு ஓடி வருகிற பிள்ளையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போகிற மனசு அவளுக்கு உண்டு. ஊரில் பாதித் தாய்மார்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. அதை அவள் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கு நேரத்தாலேயே ஓர் அவமானம் வந்தது. டிரைவர்களுக்கு வருடா வருடம் ஒரு சோதனை உண்டு. ஸ்டியரிங்கை விட்டு எழுந்து, பஸ்ஸின் கடைசி வரை போய், பின்பக்க அவசரக் கதவைத் திறந்து தரையில் இறங்க வேண்டும். இருபது விநாடிதான் கணக்கு. ஓர் ஆகஸ்ட் மாதம் நேடீனுக்கு இருபத்து மூன்று ஆனது. டிப்போவில் வண்டிகளை அனுப்புகிற ராய்ஸ், கையிலிருந்த கடிகாரத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினான்.

"பிள்ளைங்க எல்லாம் எறங்கி வீட்டுக்கே போயிருக்கும் நேடீன். நீ இன்னும் எட்டாவது சீட்டுகிட்ட நிக்கிற."

மறு முயற்சியில் சரியாக இருபதில் இறங்கித் தேறிவிட்டாள். ஆனால் ராய்ஸ் சொன்னதற்கு டிப்போ சிரித்த சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. அன்று சாயங்காலமே பள்ளி மைதானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். கிறிஸ்துமஸுக்குள் நடை ஓட்டமானது. அடுத்த அக்டோபரில் லேக் வேல்ஸில் பத்துக் கிலோமீட்டர் ஓடி, ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம் என்று அச்சடித்த தாளை வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினாள். ஐம்பத்து நான்கு வயதில் பரீட்சை பாஸான சந்தோஷம் அவளுக்கு.

அடுத்தது சன்டேல் கேளிக்கைப் பூங்காவின் அரை மாரத்தான் என்று டிப்போவில் சொன்னபோது ராய்ஸ் விடுவானா?

"பதிமூணு மைலா? கவலப்படாத. பாதி வழியில ஒனக்கு ஒரு பஸ் அனுப்பி வைக்கிறேன்."

டிப்போ மொத்தமும் சிரித்தது. அவன் சொன்னதில் பாதி கேலி, பாதி உண்மை. சன்டேலில் பஸ் நிஜமாகவே உண்டு. ஓட்டக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, இடுப்பில் பச்சைப் பலூன் கட்டிய இரண்டு பெண்கள் கடைசியாகக் கிளம்புவார்கள். மைலுக்குப் பதினாறு நிமிடம். கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். பலூன் உன்னைத் தாண்டிவிட்டால் அடுத்த இடத்தில் சாலைக்குக் குறுக்கே மஞ்சள் கயிறு இழுத்து உன்னை நிறுத்தி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். பூங்கா திறந்தாக வேண்டும், சாலையைத் திறந்துவிட வேண்டும், அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு.

"இருபத்திரண்டு வருஷமா நான் மத்தவங்கள ஏத்துறவ," என்று அன்று வீட்டில் சொன்னாள். "என்னை எவனும் பஸ்ல ஏத்தக் கூடாது. செத்தாலும் என் கால்லதான் நான் முடிவுக் கோட்டைத் தாண்டுவேன்."

கேட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் டூயிக்குக் கண் பளபளத்தது. "அப்படின்னா நானும் வர்றேன் கண்ணு. கைகோத்துக்கிட்டு ரெண்டு பேரும் சேந்து தாண்டுவோம்."

டூயி ஸ்டக்கி நல்ல மனிதன். அதுதான் சிக்கலே. ஆரஞ்சுச் சாறு ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒருவரையும் கடிந்து பேசி அறியாதவன். பயிற்சிக்கு வா என்றால் நாளைக்கு என்பான். மூன்று மாதத்தில் அவன் ஓடியது மொத்தம் நான்கு நாள். அதில் ஒரு நாள் நாய் அவிழ்த்துக்கொண்டு போனதற்காக ஓடியது.

சன்டேலில் ஓட்டக்காரர்களைக் கம்பித் தடுப்புப் போட்டு ஏழு பட்டிகளாக அடைத்து, ஒவ்வொரு பட்டியாக இடைவெளி விட்டுக் கிளப்புவார்கள். முன்பு ஓடிய நேரத்துக்குச் சான்று அனுப்பினால் முன்பட்டி, அனுப்பாதவர்களுக்கு ஏழாவது. நேடீனின் லேக் வேல்ஸ் தாளுக்கு நான்காம் பட்டி கிடைத்தது. டூயியிடம் தாளும் இல்லை, ஓட்டமும் இல்லை. இருவர் சேர்ந்து கிளம்ப வேண்டுமென்றால் மெதுவான ஆளின் பட்டியில்தான் நிற்க வேண்டும். நேடீன் ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவன் ஆசையாகக் கேட்கிறான். சரி என்று எழுதிக் கொடுத்தாள். நான்காம் பட்டியில் நின்றிருந்தால் பலூனுக்கும் அவளுக்கும் நடுவே முக்கால் மணி நேரம் இருந்திருக்கும். ஏழாவதில் இருந்தது மூன்று நிமிடம்.

பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் ஐந்து மணி. சுற்றிலும் வேடம் போட்ட ஓட்டக்காரர்கள்: இறகு கட்டியவர்கள், கிரீடம் வைத்தவர்கள், ஒரு குடும்பமே தேனீக்களாக. டூயி நுரை ரப்பரில் செய்த பெரிய ஆரஞ்சுப் பழத்துக்குள் கழுத்து வரை நுழைந்து நின்றான். தலையில் பச்சைத் துணி இலை வேறு.

"இதுக்குள்ள வேகும் டூயி," என்றாள்.

"படத்துல நல்லா வரும் பாரு."

முதல் இரண்டு மைல் நன்றாகத்தான் போனது. இரண்டாவது மைல் முடிவில் சாலையோரம் பெலிக்கன் ராணி நின்றாள். சன்டேலின் பொம்மை வேடக்காரர்கள் ஓட்டத்தன்று வழியெல்லாம் நிற்பார்கள். ஓடுகிறவர்கள் நின்று வரிசை கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அது அங்கே வழக்கம். முன்பட்டிக்காரர்களுக்கு அது விளையாட்டு. ஏழாம் பட்டிக்காரர்களுக்கு அது எமன்.

"ஒரே ஒரு படம்," என்றான் டூயி.

ஐந்து நிமிடம் போயிற்று. நேடீன் முகத்தில் சிரிப்பு வரவில்லை. படத்தில் அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான்காவது மைலில் கோட்டுப் போட்ட முதலை. மறுபடி ஐந்து நிமிடம். ஆறாவது மைலில் பூங்காவின் கண்ணாடி மாளிகைக்குள் ஓடியபோது பொழுது விடிந்து, எல்லோரும் கைதட்டினார்கள். நேடீனும் ஒரு நொடி நேரத்தை மறந்து கைதட்டினாள். அந்த நொடியில் டூயி கழிப்பறை வரிசையில் போய் நின்றான். ஆரஞ்சுப் பழத்தோடு அந்தக் கதவுக்குள் ஒரு மனிதன் நுழைந்து வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்று யாராவது யோசித்ததுண்டா? நேடீன் வெளியே நின்று பல்லைக் கடித்தாள். தன் கால் சும்மா நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. ஒன்றரை வருடம் சேர்த்து வைத்த ஓட்டம், நின்று நின்றே தீர்ந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு டூயி நடக்கத்தான் செய்தான். அவளும் பக்கத்தில் நடந்தாள். ஒன்பதாவது மைலில் திரும்பிப் பார்த்தால், சாலை வளைவில் இரண்டு பச்சைப் பலூன்கள் ஆடிக்கொண்டு வந்தன.

"டூயி, வந்துட்டாங்க. ஓடு."

டூயி ஓடவில்லை. அவன் கண் வேறெங்கோ இருந்தது. பனைமரத்தடியில் ஆரஞ்சு மாமா நின்றார். இப்போதெல்லாம் வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் வெளியே வருகிற வேடம். முன்னால் முப்பது பேர் வரிசை.

"நேடீன், சின்ன வயசுல எங்கம்மா கூட வந்தப்ப இவரப் பாத்தது. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான். நான் ஆரஞ்சு, அவரும் ஆரஞ்சு. இத விட்டா எப்ப?"

"இத்தன பேர் நிக்கிறாங்க. பலூன் தாண்டிப் போயிரும்."

"போனா போகட்டுமே. பஸ்லயே போவோம். என்ன கெட்டுப் போச்சு?"

என்ன கெட்டுப் போச்சு! அவள் ஒன்றரை வருடம் எதற்காக ஓடினாள் என்பது கூடவே வந்தவனுக்குத் தெரியவில்லை. நேடீனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நீ படம் எடுத்துக்க. நான் போறேன்."

"கைகோத்துக்கிட்டுன்னு சொன்னமே..."

"சொன்னோம். நீ கையை எங்க வச்சிருக்க பாரு."

அவன் கை ஏற்கெனவே ஃபோனைத் தயாராகப் பிடித்திருந்தது. நேடீன் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

மிச்சம் நான்கு மைல். பூங்காவை விட்டு வெளியே, நெடுஞ்சாலை மேம்பாலங்கள் வழியாகப் போகிற பாதை. நிழல் இல்லை, பாட்டு இல்லை, வேடமும் இல்லை. நின்று நின்று ஓடியதில் இடது தொடை பிடித்துக்கொண்டது. பதினோராவது மைலில் முதல் மேம்பாலம் ஏறும்போது பலூன் பக்கத்திலேயே வந்துவிட்டது. பலூன்காரி அவள் வயதுக்காரிதான், நல்ல சிரித்த முகம்.

"அருமையா போறீங்க. முதல் ஓட்டமா?"

"பேசாதீங்க," என்றாள் நேடீன். "நீங்க பேசினா நான் பதில் சொல்லணும். மூச்சு இல்ல."

பாலத்தின் உச்சியில் மஞ்சள் கயிறு. அதன் பக்கத்தில் பஸ். வேறெந்தச் சத்தமும் கேட்காத அவள் காதில் கதவு திறக்கிற அந்தப் புஸ்ஸென்ற சத்தம் மட்டும் விழுந்தது. ஒரு நாளைக்கு அறுபது தடவை அவள் கையால் எழுப்புகிற சத்தம். முடியாமல் நின்றுவிட்ட ஐந்தாறு பேர் தலை குனிந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவன் பலூனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நேடீன் பலூனுக்கு நான்கு எட்டு முன்னால் இருந்தாள். ராய்ஸை, அவன் கடிகாரத்தை, எட்டாவது சீட்டை எல்லாம் வாய் விட்டுத் திட்டிக்கொண்டே கயிற்றைக் கடந்தாள். கடந்த பிறகும் திட்டினாள். அடுத்த பாலத்திலும் திட்டினாள். திட்டு தீர்ந்து போனபோது கோடு கண்ணில் பட்டது. பலூனுக்கு ஒரு நிமிடம் முன்னால், தன் காலில், தனியாகத் தாண்டினாள்.

ஒரு பெண் வந்து அவள் கழுத்தில் மெடலைப் போட்டாள். ஆரஞ்சு வடிவில், உள்ளங்கை அகலத்தில், பச்சை நாடாவோடு. நேடீன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தேறிவிட்டோம் என்று நினைத்தாள். அழுதாள்.

"கண்ணு! இங்க பாரு!"

டூயி வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றான். நுரை ரப்பர்ப் பழத்தின் மேல் அதே மெடல் தொங்கியது. அதே அகலம், அதே நாடா.

"பஸ்ல வந்தவங்களுக்கும் குடுத்தாங்க! ஏசி போட்ட பஸ்சு, பிஸ்கட்டு வேற. ஆரஞ்சு மாமா கூட படமும் ஆச்சு. எல்லாரும் பணம் கட்டினவங்கதானாம், எல்லாருக்கும் உண்டாம். நல்லவங்க இல்ல?"

நேடீனுக்கு அந்த வாழைப்பழத்தைப் பிடுங்கித் தூர எறிய வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். சர்ச்சில், கடையில், டிப்போ விருந்தில், எங்கே போனாலும் டூயி பஸ்ஸில் வந்த கதையைச் சொன்னான். நன்றாகவும் சொன்னான். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ராய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"ரெண்டு பேருக்கும் ஒரே மெடலா? அப்ப பஸ்ஸுதான் தேவல நேடீன். நீ எதுக்கு வீணா நடுரோட்டுல வெந்த?"

வீட்டில் இரண்டு மெடலும் ஒரே ஆணியில் தொங்கின. வருகிறவர்களுக்கு எது யாருடையது என்று தெரியாது. நேடீனுக்குத் தெரியும். அவளுடைய நாடாவில் வேர்வை உப்பு வெள்ளைத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. டூயியுடையது கடையில் வாங்கியது போலிருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்தத் திட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். போதும் அவளுக்கு.

ஒரு சனிக்கிழமை, கோபமாக இருக்கிற பெண்டாட்டிக்கு ஏதாவது நல்லது செய்யலாம் என்று டூயிக்குத் தோன்றியது. வீட்டுத் துணி மொத்தத்தையும் துவைத்தான். அழுக்காக இருக்கிறதே என்று இரண்டு நாடாவையும் சேர்த்துப் போட்டு அலசி, இஸ்திரியும் போட்டு மாட்டிவைத்தான். நேடீன் வந்து பார்த்தாள். இரண்டும் பளபளத்தன. எடுத்தாள், புரட்டினாள், வெளிச்சத்தில் பிடித்தாள், மூக்கருகே கொண்டுபோனாள். இரண்டிலும் சோப்பு வாசம்.

"எது என்னோடது?" என்றாள்.

"எதையாவது எடுத்துக்க கண்ணு. ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் இரண்டையும் மேஜை மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டூயி வெகு நேரம் அங்கேயே நின்றான். தான் என்ன செய்துவிட்டோம் என்று நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

ஏப்ரலில் அடுத்த வருட ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கத் தொடங்கினார்கள். நேடீன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து லேக் வேல்ஸ் நேரத்தைத் தட்டினாள். சேர்ந்து கிளம்புகிறவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அப்படியே காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த டூயி மெல்லக் கேட்டான்:

"என் பேரப் போடலயா?"

"பஸ்ல வர்றதுக்கு எதுக்கு ஃபாரம்?"

டூயி பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மேஜை மேலிருந்த இரண்டு மெடலையும் கையில் எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"நேடீன், அந்தக் கடைசி நாலு மைல்... எப்படி இருந்துச்சு?"

ஓட்டம் முடிந்து இரண்டு மாதம். இதுவரை ஒரு மனிதரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. அவள் விரல்கள் அப்படியே நின்றன. சொல்லத் தொடங்கினால் மேம்பாலம், கயிறு, பஸ் கதவின் சத்தம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அவன் ரசித்துக் கேட்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தன் கதையோடு சேர்த்துச் சொல்லியும் இருப்பான்.

"ஓடிப் பாரு, தெரியும்," என்று சொல்லிவிட்டு, நான்காம் பட்டிக்குத் தன் பெயரை மட்டும் அனுப்பினாள்.